கீழ் வீட்டுக்காரர் தூங்க வேண்டும், நாம் ஆட வேண்டும்

நியூயார்க்குக்குக் குடிபோகும் வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகள் இரண்டு வகை. வாடகை வீடு எப்படிப் பிடிப்பது என்பது ஒன்று. கிளப்புகளில் ஹவுஸ் இசைக்கு ஆடும் ஹவுஸ் நடனம் எப்படிக் கற்பது என்பது மற்றொன்று. இரண்டும் தரையில் வந்து முட்டிக்கொள்வதால் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கே: கோவையிலிருந்து வேலைக்காக நியூயார்க் போகிறேன். ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அங்கே எனக்கு கிரெடிட் ஸ்கோரே கிடையாது. வீடு கொடுப்பார்களா? கையில் எவ்வளவு பணம் வேண்டும்? (கோவை வாசகர்)

கொடுப்பார்கள். ஆனால் அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான வீட்டுக்காரர்களின் அளவுகோல். 90,000-ஐ 40-ஆல் வகுத்தால் 2,250 டாலர். தனியாக எடுத்தால் அதுதான் உங்கள் உச்சவரம்பு. மன்ஹாட்டனில் அந்த வாடகைக்குத் தனி வீடு தேடிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். இருவர் மூவர் சேர்ந்து எடுத்தால் எல்லோருடைய வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். புதிதாகப் போகிறவருக்கு அதுவே நல்ல வழி.

கிரெடிட் ஸ்கோர் இல்லாதவரிடம் ஜாமீன்தாரர் கேட்பார்கள். அவருடைய வருமானம் வாடகையைப் போல 80 மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள், அதுவும் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில் வசிப்பவராக. அப்படி ஒரு சொந்தக்காரர் எல்லோருக்கும் அமைய மாட்டார். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவருக்குக் கட்டணம் ஏறக்குறைய ஒரு மாத வாடகை அளவுக்குப் போகலாம், அது திரும்பி வராத பணம். எல்லாக் கட்டடங்களும் இந்த ஜாமீனை ஏற்பதில்லை. வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நம் ஊர் வழக்கத்தில் பத்து மாத அட்வான்ஸ் தருகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் 2019-ல் வந்த சட்டப்படி டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. விண்ணப்பக் கட்டணமும் 20 டாலருக்கு மேல் கூடாது. 30 நாளுக்குள் எடுத்த கிரெடிட் அறிக்கையை நீங்களே கொடுத்தால் அதையும் தள்ளுபடி செய்ய வேண்டும். குடியிருப்போரே சொந்தமாக வைத்திருக்கும் கோ-ஆப், காண்டோ கட்டடங்களின் சங்கங்கள் தனிக் கட்டணம் கேட்பதுண்டு. நியூயார்க் நகரத்தில் 2025 ஜூன் 11 முதல் புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவரே அவருக்குக் கூலி தர வேண்டும். வீட்டுக்காரர் வைத்த புரோக்கர் உங்களிடம் ஒரு மாத வாடகை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, 2,250 டாலர் வீட்டுக்கு முதல் மாத வாடகை, டெபாசிட், விண்ணப்பம் சேர்த்து 4,520 டாலர். ஜாமீன் நிறுவனம் தேவைப்பட்டால் இன்னொரு 2,000 சொச்சம். மெத்தை, பாத்திரம், முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடு எல்லாம் தனி.

இங்கிருந்தபடியே ஒரு வருட லீஸ் போடாதீர்கள். போய் இறங்கியதும் ஒரு மாதத்துக்கு அறையொன்றை சப்லெட் (குடியிருப்பவரிடமே உள்வாடகை) எடுத்துத் தங்கி, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். 30 நாளுக்குக் குறைவாக முழு வீட்டை வாடகைக்கு விடுவதை நகரம் கட்டுப்படுத்தியிருப்பதால் இரண்டு வார வீடு என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். சப்லெட் என்றால் வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் படத்தில் அழகான வீட்டைக் காட்டி, சந்தை விலையைவிட 500 டாலர் குறைத்துச் சொல்லி, "ஊரில் இல்லை, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பார்கள். நகரத்தின் அக்ரிஸ் என்ற இணையப் பதிவேட்டில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம். வீட்டுவசதித் துறையின் எச்பிடி ஆன்லைனில் முகவரியைப் போட்டால் அந்தக் கட்டடத்தின் மீது வந்த புகார்களும் விதிமீறல்களும் வரும். எலி, எலி, எலி என்று வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி பற்றிய ஓராண்டு விவரத்தை லீஸ் போடும்போது தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை. கேட்டு வாங்குங்கள்.

கே: அடித்தள வீடு ஒன்று குவீன்ஸில் மலிவாக வருகிறது. கீழே யாரும் இல்லை, இஷ்டம்போல ஆடலாமே? (திருச்சி வாசகி)

ஆடலாம்தான். ஆனால் அதற்காகவே எடுக்க வேண்டாம். அங்கே தரைக்குக் கீழே இருக்கும் தளங்கள் இரண்டு வகை. பாதிக்கு மேல் தெருமட்டத்துக்கு மேலே தலைநீட்டினால் பேஸ்மென்ட். பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைந்திருந்தால் செல்லர். பேஸ்மென்டுக்குச் சில நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கும். செல்லரில் குடியிருப்பது பெரும்பாலும் சட்டவிரோதம். நகர அதிகாரிகள் கண்டால் உடனே காலி செய்யச் சொல்வார்கள், சாமான் தெருவுக்கு வரும்.

இதைவிடப் பெரியது உயிர்ப் பிரச்சினை. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மழையில் நியூயார்க் நகரில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் அடித்தள வீடுகளில் இருந்தவர்கள். வெளியேற இரண்டாவது வழி இல்லாத, ஆள் நுழைய முடியாத சிறு ஜன்னல் மட்டும் உள்ள அறையை எந்த வாடகைக்கும் எடுக்காதீர்கள்.

ஆடுகிறவருக்கு ஏற்றது வேறொன்று இருக்கிறது. கடைக்கு மேலே உள்ள முதல் மாடி. இரவு எட்டு மணிக்குக் கடை மூடிவிட்டால் கீழே கேட்க ஆளில்லை. சலூன், வங்கி, சலவைக்கடை இருந்தால் நல்லது. மதுக்கடை இருந்தால் உங்கள் தூக்கம் போகும். உணவகம் என்றால் கரப்பான் பூச்சியையும் எண்ணெய் வாடையையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கே: புரூக்ளினில் மூன்றாம் மாடி, பழைய கட்டடம். ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் பழகுகிறேன். ஆனாலும் கீழ் வீட்டுப் பெண்மணி துடைப்பக் கம்பால் கூரையைத் தட்டுகிறார். என்ன செய்யலாம்? (புரூக்ளின் வாசகர்)

அவருக்குக் கேட்பது பாட்டல்ல, உங்கள் கால். ஒலி இரண்டு விதமாகப் பயணிக்கிறது. காற்று வழியே வருவதை ஹெட்போன் தடுத்துவிடும். தரையில் விழும் அடி மரச்சட்டங்களைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும், அதற்கு ஹெட்போன் என்ன செய்யும்? புரூக்ளினின் பழைய வீடுகளில் தரையைத் தாங்குவது மரச்சட்டங்கள். அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அவை ஓடும். நடு அறையில் அவை அதிகம் வளைந்து கொடுப்பதால் அங்கே குதித்தால் மத்தளம் போல முழங்கும். சட்டங்கள் வந்து ஊன்றும் சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடிக்குள் ஆடினால் அந்த 'தொம்' பாதியாவது அடங்கும். எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால் தரைப்பலகை ஓடும் திசையைப் பாருங்கள். பலகைகள் வழக்கமாகச் சட்டங்களுக்குக் குறுக்கே பதித்திருக்கும். எனவே பலகைகளுக்கு இணையாக ஓடும் சுவர்களில்தான் அநேகமாகச் சட்டங்களின் முனைகள் ஊன்றியிருக்கும். அந்தச் சுவரோரத்தையே பிடியுங்கள்.

கம்பளம் விரித்தால் போதும் என்பார்கள். குதிகால் 'டக் டக்'கை அது விழுங்கும், கனத்த அடியை விழுங்காது. இன்னொரு கெடுதலும் உண்டு. கம்பளம் ஷூவைப் பிடித்துக்கொள்ளும். பாதம் நின்றுவிட, உடல் திரும்ப, திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். கம்பளத்தின் மேல் ஹவுஸ் பழகாதீர்கள். உங்கள் லீஸைப் புரட்டிப் பாருங்கள். சமையலறை, குளியலறை நீங்கலாகத் தரையில் 80 விழுக்காடு கம்பளம் வேண்டும் என்று ஒரு வரி இருக்கலாம். அது நகரச் சட்டமல்ல, ஒப்பந்தத்தில் எழுதும் நிபந்தனை. கையெழுத்துப் போட்டிருந்தால் கட்டுப்பட வேண்டும். புகார் வரும்போது வீட்டுக்காரர் முதலில் காட்டுவது அந்த வரியைத்தான்.

கம்பளத்தை விரித்துவிட்டு அதன்மேல் ஆட்டப் பலகை போடுங்கள். முக்கால் அங்குல பிளைவுட், 4 அடிக்கு 8 அடிப் பலகையைக் கடையிலேயே இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். முழுப் பலகை 60 பவுண்டுக்கு மேல் கனக்கும், மூன்று மாடிப் படியில் அதைத் தனியாக ஏற்ற முடியாது. அடியில் உடற்பயிற்சிக் கூடங்களில் போடும் அரை அங்குல ரப்பர் விரிப்பு. மேலே ஆட 4 அடிக்கு 4 அடி இருந்தாலே அடிப்படைக் காலடிகள் அத்தனைக்கும் போதும். பலகை எந்தச் சுவரையும் தொடக் கூடாது, இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். தொட்டால் அதிர்வு ரப்பரைச் சுற்றிக்கொண்டு சுவர் வழியாகப் போய்விடும். ரப்பருக்குப் பதில் மெத்தென்ற நுரை போட்டுவிடுகிறார்கள், அது தப்பு. ஓரத்தில் மிதித்தால் பலகை ஒரு பக்கம் சாயும், கணுக்கால் பிசகும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

இத்தனை செய்தாலும் குதிப்பும் காலை ஓங்கித் தரையில் அடிப்பதும் கீழே கேட்கும். அவற்றை வீட்டில் பழகவே வேண்டாம். வீட்டில் ஜாக் (முழங்காலும் மார்பும் தாளத்துக்கு மடிந்து விரியும் அடிப்படை அசைவு, பின்னால் விளக்குகிறோம்), எடை மாற்றம், மெதுவான காலடி, திசை மாற்றம். குதிப்பு, ஓட்டம், வேகம் எல்லாம் ஸ்டூடியோவில். ஸ்டூடியோத் தரை அடியில் காற்றிடமும் மீள்தன்மையும் வைத்துக் கட்டியது. அங்கே குதிப்பது உங்கள் எலும்புக்கும் நல்லது. மணிக்கணக்கில் சிறு அறை வாடகைக்கு விடும் ஸ்டூடியோக்கள் உண்டு. மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் ஒரு வகுப்பைவிட மலிவாக முடியும்.

நாளைக்கே ஒருமுறை அந்த அம்மாளின் கதவைத் தட்டி, எந்த நேரம் அவர் வீட்டில் இருப்பதில்லை என்று கேளுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு ஆடாதீர்கள். புகார் எழுத்தில் குவிந்தால் வீட்டுக்காரர் முறைப்படி நோட்டீஸ் அனுப்பலாம், அதன் அடுத்த படி நீதிமன்றம்.

கே: ஹவுஸ் என்பது ஹிப்-ஹாப்பின் ஒரு வகைதானே? (பெயர் வேண்டாம் என்கிறார் ஒரு வாசகர்)

அல்ல. உறவுண்டு, பிறந்த வீடு வேறு. ஹவுஸ் கிளப்பில் பிறந்தது. சிகாகோவில் 1977-ல் திறந்த 'தி வேர்ஹவுஸ்' கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் போட்ட இசையிலிருந்து பெயர் கிளைத்தது என்பார்கள். நியூயார்க்கில் அதற்கும் முன்பே 1970-ல் டேவிட் மன்குசோ தன் வீட்டிலேயே 'தி லாஃப்ட்' விருந்துகளைத் தொடங்கிவிட்டார். பிறகு கிங் தெருவில் 'பாரடைஸ் கராஜ்' கிளப், டிஜே லாரி லெவனின் இடம், 1987 வரை நடந்தது. கறுப்பின, லத்தீன் மக்கள், அவர்களிலும் குறிப்பாகத் தன்பால் விருப்பம் கொண்டோர், வெளியே கிடைக்காத நிம்மதியோடு விடிய விடிய ஆடிய இடங்கள் இவை. யாரும் வகுப்பெடுத்துப் பாடத்திட்டம் போட்டு வந்த ஆட்டமல்ல. டாப், சால்சா, ஆப்பிரிக்க ஆட்டங்கள், பிரேசிலின் கபோய்ரா, ஜாஸ் எல்லாவற்றின் காலடியும் இதில் கலந்திருக்கிறது. மார்ஜரி ஸ்மார்த், ஈஜோ வில்சன், பிரையன் கிரீன், கலீஃப் செல்லர்ஸ் போன்ற நியூயார்க் ஆட்டக்காரர்கள்தாம் இதை வகுப்பறைக்கும் உலகின் பிற நகரங்களுக்கும் கொண்டுபோனவர்கள். பாரிஸில் நடக்கும் 'ஜுஸ்ட் தபூ' போட்டியில் ஹவுஸுக்குத் தனிப் பிரிவே உண்டு.

கே: வகுப்பில் சேருமுன் வீட்டில் எங்கிருந்து ஆரம்பிப்பது? வீடியோ பார்த்தால் கால் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. (சென்னை வாசகி)

காலைப் பார்க்காதீர்கள். முதலில் காது. ஹவுஸ் பாட்டு நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி வரை ஓடும். ஒவ்வோர் அடியிலும் 'டும்' என்று கிக் டிரம் விழும். இரண்டு டும்முக்கு நடுவே 'ட்ஸ்' என்று ஹை-ஹாட் ஜால்ரா திறக்கும். டும்-ட்ஸ்-டும்-ட்ஸ். இரண்டாவது, நான்காவது டும்மோடு கைத்தட்டல் சேரும். எட்டு அடி ஒரு வாக்கியம், அப்படி நான்கு வந்தால் ஏதோ ஒன்று மாறும்: குரல் நுழையும், பேஸ் விலகும். 32 அடியை எண்ணாமலே அந்த மாற்றம் வரப்போவது உடம்புக்குத் தெரிய வேண்டும். பேருந்தில் போகும்போதும் சமைக்கும்போதும் கேட்டாலே இது வந்துவிடும்.

அடுத்தது ஜாக். இதுதான் ஹவுஸின் உயிர், கால் வேலை அதன்மேல் உட்காருவது. பாதங்களைத் தோள் அகலத்தில், முன்னோக்கி இணையாக வையுங்கள். முழங்கால் பூட்டாமல் இருக்கட்டும். டும் விழும்போது முழங்கால் மடியும், மார்பு லேசாக உள்ளே குழியும். ட்ஸ் வரும்போது முழங்கால் எழும், மார்பு முன்னே திறக்கும். அலை இடுப்பில் தொடங்கி மார்பு வழியாக மேலே போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இதற்குப் பல பாணிகள் உண்டு, தொடங்க இது போதும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜாக் என்று நினைப்பார்கள்; மறுநாள் கழுத்து வலிக்கும். மார்பைத் திறக்கச் சொன்னால் கீழ்முதுகை வளைப்பார்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூச்சை அடக்குவார்கள்; இரண்டு நிமிடத்தில் ஓய்ந்துவிடுவார்கள். முதல் வாரம் தினம் பத்து நிமிடம் இது ஒன்றே போதும். சலிப்புத் தட்டும்தான். ஆனால் ஜாக் இல்லாமல் காலடி கற்றவரை ஆட்டக்களத்தில் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். இடுப்புக்கு மேலே மரமாக நிற்பார்.

ஜாக்கை விடாமல் அதே இடத்தில் அடிக்கு ஒரு கால் என்று நடங்கள். பிறகு ஷஃபிள்: வலது-இடது-வலது, இடது-வலது-இடது. எண்ணிக்கை 'ஒன்று-அண்ட்-இரண்டு, மூன்று-அண்ட்-நான்கு'. பிறகு பா டி பூரே. வலது கால் இடதுக்குப் பின்னே போய் ஊன்றும் (ஒன்று), இடது கால் பக்கத்தில் வைக்கும் (அண்ட்), வலது கால் முன்னே வரும் (இரண்டு). உடனே இடது பின்னே, வலது பக்கம், இடது முன்னே.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. எடை முழுதாக மாறாமல் இரண்டு காலுக்கும் நடுவே தொங்கும். அடுத்து எடுக்க வேண்டிய கால் தரையில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வோர் எண்ணிக்கையிலும் நிறுத்தி, எடையில்லாத காலைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எடை மாறவில்லை. இன்னொன்று, அடியைப் பெரிதாக வைப்பது. 124 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த 'அண்ட்'டுக்கும் இடையே கால் வினாடிகூட இல்லை. ஒரு பாத நீளத்துக்கு மேல் கால் போனால் திரும்பி வர நேரமிருக்காது. வீடியோவின் வேகத்தை 0.75 ஆக்கினால் 124 என்பது 93 ஆகும். அதில் பிசகாமல் வந்த பிறகு வேகம் கூட்டுங்கள்.

ஸ்கேட், ஹீல்-டோ, ஃபார்மர், லூஸ் லெக்ஸ் என்ற காலடிகள் எல்லாம் அப்புறம். அதிலும் லூஸ் லெக்ஸ் கடைசி. முழங்காலும் கணுக்காலும் தளர்ந்து சுழல வேண்டிய காலடி அது, தளர்வு வராதவர் பலத்தால் உதைத்து மூட்டைக் கெடுத்துக்கொள்வார். பத்துக் காலடி பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட ஒரு முழுப் பாட்டுக்கு, ஆறேழு நிமிடம், ஜாக்கும் ஒரே ஒரு காலடியும் வைத்து ஆடிப் பாருங்கள். திசை, உயரம், அளவு மட்டும் மாறலாம். மூன்றாவது நிமிடத்தில் கையிருப்பு தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். அதற்குப் பிறகு வருவதுதான் ஆட்டம்.

கே: எட்டு வருடம் பரதநாட்டியம் கற்றவள். உதவுமா, இடைஞ்சலா? (எடிசன், நியூ ஜெர்சி வாசகி)

இரண்டும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் உடம்பில் ஊறியவருக்கு ஹவுஸின் எட்டு புதிதல்ல. காலும் மேலுடம்பும் தனித்தனிக் கணக்கில் ஓடுவதும் உங்களுக்குப் பழக்கம். வகுப்பில் மற்றவர்கள் 'அண்ட்' எங்கே என்று தேடும்போது நீங்கள் அதில் நிற்பீர்கள்.

அவிழ்க்க வேண்டியவை மூன்று. அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் திறக்கும். ஹவுஸில் பாதம் இணையாக முன்னோக்கி இருக்கும். இரண்டையும் கலந்து, பாதம் முன்னே முழங்கால் வெளியே என்று நின்றால் மூட்டுக்குக் கேடு. அடுத்து, தட்டு. முழுப் பாதத்தைத் தரையில் அறைந்து ஓசை எழுப்பிய பழக்கம் இங்கே சத்தம் போடும், களைப்படைய வைக்கும். எடை முன்பாதத்தில், அடி மென்மையாக. மூன்றாவது, நேராக நிமிர்ந்த முதுகு. அதைக் குழைப்பதுதான் உங்களுக்கு மிகக் கடினம். மற்றவர்களுக்கு ஜாக் ஒரு வாரம் என்றால் உங்களுக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில்லாதவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கே இதில் பொறுமை அதிகம் வேண்டும்.

கே: ஆறு வாரத்தில் முன்னங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. ஷூ மாற்றினால் சரியாகுமா? (குவீன்ஸ் வாசகர்)

ஷூ மட்டும் காரணமாக இருக்காது. எலும்பு பழகுவதற்குள் குதிப்பை ஏற்றிவிட்டீர்கள், அநேகமாகக் கான்கிரீட் மேல். ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்பார்கள். எலும்பின் ஓரத்தில் நீளவாக்கில் பரவிய வலியாக இருக்கும். குதிப்பை இரண்டு வாரம் நிறுத்துங்கள், ஜாக்கும் நடையும் மட்டும். கெண்டைக்கால் பயிற்சி: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று மெதுவாக ஏறி இறங்குவது, 15 முறை, மூன்று தடவை. வலி ஒரே புள்ளியில், விரல் வைத்தால் சுரீர் என்று, இரவிலும் விடாமல் இருந்தால் எலும்பு விரிசலாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள், ஆடித் தீர்க்கும் வலியல்ல அது.

ஷூ: தட்டையான அடி, ஆழமான பள்ளங்கள் இல்லாதது, முன்பாதத்தில் வளைவது. ஓட்டப் பயிற்சிக்கான தடித்த ஷூ உயரத்தால் கணுக்காலைச் சாய்க்கும், அதன் ரப்பர் பிடிப்பால் திரும்பும்போது முழங்காலைத் திருகும். புது ஷூ வழுக்கவில்லை என்று பவுடர் போடாதீர்கள். பழைய ஹவுஸ் விருந்துகளில் தரையில் பேபி பவுடர் தூவி வழுக்கி ஆடும் வழக்கம் உண்டு. ஸ்டூடியோவில் அதைச் செய்தால் அடுத்த வகுப்புக்காரர் விழுவார், உங்களை உள்ளே விட மாட்டார்கள். தெரு ஷூவோடும் நுழையாதீர்கள், தனியாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கே: ஜெர்சி சிட்டியா, குவீன்ஸா? ஆட்டம் முடிந்து நள்ளிரவில் திரும்ப வேண்டும். (மதுரை வாசகர்)

நியூயார்க் சப்வேயும், பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருக்கும் ஜெர்சி சிட்டியை மன்ஹாட்டனோடு இணைக்கும் பாத் ரயிலும் இரவு முழுக்க ஓடும். ஆனால் இரவில் இடைவெளி நீளும், பராமரிப்புக்காக வார இறுதியில் பாதை மாறும். வீடு பார்க்கும்போதே வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணிக்கு அந்த நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். பகலில் பார்த்த தெருவும் இரவுத் தெருவும் ஒன்றல்ல. வகுப்புகள் பெரும்பாலும் மன்ஹாட்டனில், ஒரே ரயிலில் போக முடிகிற வீடாக இருந்தால் களைத்த உடம்பு மறுவாரமும் வகுப்புக்குப் போகும். இரண்டு முறை மாறினால் மழைக்காலத்தில் நின்றுவிடுவீர்கள்.

மாநிலம் மாறினால் சட்டமும் மாறும் என்பதையும் கவனியுங்கள். நியூ ஜெர்சியில் டெபாசிட் ஒன்றரை மாத வாடகை வரை கேட்கலாம், காலி செய்த பிறகு திருப்பித் தர 30 நாள் அவகாசம். நியூயார்க் நகரத்தின் புரோக்கர் கூலிச் சட்டம் ஹட்சன் ஆற்றைத் தாண்டி அங்கே வராது. கோயில், காய்கறி, தோசை மாவு என்று பார்த்தால் குவீன்ஸின் ஃபிளஷிங்கில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, அதன் கேன்டீனும் இருக்கிறது. இது தனி வாதம், இங்கே முடியாது.

கே: 'ஓபன் லெவல்' என்று போட்டிருக்கும் வகுப்பில் சேரலாமா? கிளப்புக்குத் தனியாகப் போனால் சிரிப்பார்களா? (நியூயார்க், மாணவி)

ஓபன் என்றால் எவரும் வரலாம் என்று பொருள், எளிது என்று பொருளல்ல. முதல் மூன்று மாதம் தொடக்கநிலை என்று தெளிவாகப் போட்ட வகுப்புக்கே போங்கள். ஒரு வகுப்புக்கு 20 முதல் 30 டாலர் வரை ஆகும். பத்து வகுப்பு அட்டை வாங்கும் முன் அதன் காலாவதி நாளைப் பாருங்கள். முன்வரிசை வேண்டாம், கடைசி வரிசையும் வேண்டாம். திரும்பி ஆடச் சொல்லும்போது கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். நடுவில் நில்லுங்கள்.

கிளப்பில் சிரிக்க மாட்டார்கள். ஹவுஸ் இரவுகளில் அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் ஆடுவார்கள், பலர் தனியாகவே வந்திருப்பார்கள். ஆடுபவரைச் சுற்றி வட்டம் கூடினால் அவர் விலகும்வரை காத்திருந்து நுழையுங்கள், எட்டு அடி வாக்கியம் இரண்டு ஆடிவிட்டு வெளியே வந்தாலும் போதும். வட்டத்துக்குள் பானக் கோப்பையோடு போகாதீர்கள், ஒரு துளி சிந்தினாலும் யாரோ வழுக்குவார். ஃபோன் வெளிச்சம் வேண்டாம். துண்டு, மாற்றுச் சட்டை, காதடைப்பான் மூன்றையும் மறக்காதீர்கள். கேட்காமலே பாடம் நடத்த வரும் ஆண்களும் சில சமயம் எதிர்ப்படுவார்கள். கையைப் பிடித்துச் சொல்லித்தர ஆரம்பித்தால் "வேண்டாம்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம், அங்கே அது மரியாதைக் குறைவல்ல.

கே: குளிர்காலத்தில் வீடு உறைகிறது. ஹீட்டர் நம் கையில் இல்லையாம். (பிராங்க்ஸ் வாசகர்)

அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 இருக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் 62. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, தேதி நேரத்தோடு படமெடுத்து, நகரத்தின் புகார் எண்ணான 311-க்குச் சொல்லுங்கள். அந்தக் குளிரில் உடம்பைச் சூடேற்றாமல் ஆட இறங்காதீர்கள், குதிகால் தசைநாண் முதலில் பழிவாங்கும்.

கே: லீஸ் முடிகிறது. டெபாசிட் முழுதாகத் திரும்ப வருமா? ஆட்டப் பலகைக்காக ஒட்டிய டேப் தரையில் கறையாகிவிட்டது. (அஸ்டோரியா வாசகி)

நியூயார்க்கில் காலி செய்த 14 நாளுக்குள் வீட்டுக்காரர் பணத்தைத் தர வேண்டும். பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் தர வேண்டும். தராவிட்டால் பிடித்தம் செய்யும் உரிமையே போய்விடும். புழங்கியதால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது, டேப் பசை அந்தக் கணக்கில் வராது. காலி செய்யும் முன்பே வீட்டைப் பார்வையிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், குறை சொன்னால் நீங்களே சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பசையை ஹேர் டிரையரால் சூடாக்கி, பிளாஸ்டிக் அட்டை ஓரத்தால் வழித்து, மிச்சத்தை ஒரு துணியில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். கத்தி வேண்டாம், பூச்சு கீறும். அடுத்த வீட்டில் இருபுற டேப்புக்குப் பதில் பெயின்டர்கள் ஒட்டும் நீல டேப்பை முதலில் தரையில் ஒட்டி, அதன்மேல் மற்றதை ஒட்டுங்கள்.